முன்னோட்டத் திட்டம்: நாலு ஊரில் செய்து பார்த்து நாட்டுக்கே முடிவெடுப்பது எப்படி?

புதிய திட்டம் ஒன்றை நாடு முழுக்கக் கொண்டுவரும் முன், சில ஊர்களில் மட்டும் குறிப்பிட்ட காலத்துக்கு அரசு நடத்திப் பார்ப்பதுதான் முன்னோட்டத் திட்டம். செய்திகளில் ‘பைலட் திட்டம்’, ‘சோதனை முறையில்’ என்றெல்லாம் அடிபடுவதும் இதுவே. ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்ற எளிய எச்சரிக்கைதான் இதன் அடிப்படை. ஆனால் ஆழம் அதிகம் என்று தெரிந்தால் காலை எடுத்துவிடவும் தயாராக இருக்க வேண்டும். அந்தத் தயார்நிலை இல்லாமல் நடத்தப்படும் முன்னோட்டம் அரசுக்கு எதையும் கற்றுத் தருவதில்லை. அதன் சுமையும் சோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர் மக்கள் தலையில் விழுகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சிறிய அளவில் தொடங்கும் எல்லாத் திட்டமும் முன்னோட்டம் ஆகிவிடாது. தமிழ்நாட்டின் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று 31,008 பள்ளிகளுக்கு விரிந்தது. குழந்தைக்குக் காலை உணவு கொடுக்கலாமா என்ற கேள்வி அங்கே எழவில்லை. கொடுப்பது என்று முடிவெடுத்தாகிவிட்டது, எப்படிக் கொடுப்பது என்பதைப் பழகிக்கொள்ளத்தான் முதல் ஆண்டு பயன்பட்டது. இதைப் படிப்படியான விரிவாக்கம் என்று சொல்வதே சரி. கொடுக்கலாமா, வேண்டாமா என்பதே திறந்த கேள்வியாக இருந்தால்தான் அது உண்மையான முன்னோட்டம். இரண்டும் தேவையானவைதான். எது நடக்கிறது என்பதை மட்டும் அரசு மக்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

அந்த 1,545 பள்ளிகள் எப்படிப் பிரிந்திருந்தன என்பதைப் பாருங்கள். மாநகராட்சிப் பள்ளிகள் 417, நகராட்சிப் பள்ளிகள் 163, ஊராட்சிப் பகுதிகளில் 728, மலைப் பகுதிகளில் 237. நகரத்தில் பொதுச் சமையற்கூடத்தில் சமைத்து வண்டியில் அனுப்பலாம், கிராமத்தில் பள்ளியிலேயே மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைக்க வேண்டும், மலையில் பொருள் கொண்டுபோய்ச் சேர்ப்பதே ஒரு வேலை. நான்கு வகை இடங்களையும் முதல் ஆண்டிலேயே சேர்த்துக்கொண்டால்தான் அந்தந்த இடத்துச் சிக்கல் முன்கூட்டியே தெரியும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கலாம். ஆனால் நாடு என்பது ஒரே பானை அல்ல, எத்தனை விதமான பானை இருக்கிறதோ அத்தனையிலும் ஒரு சோறு எடுத்துப் பார்க்க வேண்டும்.

சீனாவின் பழக்கம்

ஆசியாவில் முன்னோட்டத்தை ஆட்சி முறையாகவே வைத்திருக்கும் நாடு சீனா. 1980-இல் ஷென்சென், சூகாய், ஷாந்தோ, ஷியாமென் என நான்கு நகரங்களில் சிறப்புப் பொருளாதார மண்டலங்களைத் தொடங்கி, 1984-இல் 14 கடலோர நகரங்களை வெளிநாட்டு முதலீட்டுக்குத் திறந்துவிட்டதிலிருந்து, பெரிய மாற்றங்கள் பலவும் ‘முதலில் சில புள்ளிகளில், பிறகு பரப்பு முழுவதும்’ என்ற வழியில்தான் அங்கே நடக்கின்றன.

இதில் பாடமாக வைக்கத்தக்கது மருந்துக் கொள்முதல் சீர்திருத்தம். பெய்ஜிங், ஷாங்காய், தியான்ஜின், சோங்சிங் ஆகிய 4 மாநகரங்களும் வேறு 7 நகரங்களும் சேர்ந்து வாங்கியதால் இதற்கு ‘4+7’ என்றே பெயர். 2018 டிசம்பரில் நடந்த ஏலத்தில் 25 மருந்துகள் தேறின. விலை சராசரியாக 52 சதவீதம் இறங்கியது. ‘இவ்வளவு மருந்து கட்டாயம் வாங்குவோம்’ என்று அளவை முன்பே உறுதி செய்ததுதான் இதன் சூட்சுமம். அந்த நகரங்களின் பொது மருத்துவமனைகள் பயன்படுத்தும் அளவில் 60 முதல் 70 சதவீதம் வெற்றி பெற்ற நிறுவனத்துக்கே போகும். விற்பனைப் பிரதிநிதிகளுக்கும் விளம்பரத்துக்கும் நிறுவனம் செலவழிக்க வேண்டியதில்லை என்பதால் விலையைக் குறைக்க முடிந்தது.

விலை இறங்கிய மகிழ்ச்சியில் அதே விதியை அப்படியே நாடு முழுக்கக் கொண்டுபோகவில்லை. முன்னோட்டத்தில் ஒரு மருந்துக்கு ஒரே ஒரு நிறுவனம்தான் வெல்லும். 11 நகரங்களுக்கு அது சரி. நாட்டுக்கே ஒரு நிறுவனம் என்றால், அந்த ஒரு தொழிற்சாலையில் கோளாறு வந்தால் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு வரும். அதனால் 2019 செப்டம்பரில் மேலும் 25 மாகாணங்களுக்கு விரித்தபோது, ஒரு மருந்துக்கு மூன்று நிறுவனங்கள்வரை வெல்லலாம் என்று விதியை மாற்றினார்கள். ஒரு முன்னோட்டம் வேலை செய்ததா என்று பார்க்க இது நல்ல அடையாளம்: சோதனைக்கு முன் இருந்த விதிக்கும் விரிவாக்கத்தின்போது இருந்த விதிக்கும் வேறுபாடு தெரிகிறதா? எதுவுமே மாறவில்லை என்றால், ஒன்று முதல் நாளே எல்லாம் கச்சிதமாக இருந்திருக்க வேண்டும், அல்லது யாரும் கற்றுக்கொள்ளவில்லை. இரண்டாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று வரிச் சீர்திருத்தம். சேவைத் துறைக்கு மதிப்புக் கூட்டு வரியைக் கொண்டுவரும் முயற்சி 2012 ஜனவரி 1 அன்று ஷாங்காயில் போக்குவரத்தையும் சில நவீன சேவைகளையும் வைத்துத் தொடங்கியது. போக்குவரத்து நிறுவனங்கள் அதுவரை வருவாயில் 3 சதவீதம் வரி கட்டிவந்தன. புதிய வரி 11 சதவீதம், அதில் தாங்கள் வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அவர்களுடைய செலவில் பெரும்பங்கான சுங்கக் கட்டணம், கூலி போன்றவற்றுக்குக் கழிவு கிடைக்கவில்லை. சுமையைக் குறைக்க வந்த வரி பலருக்குச் சுமையைக் கூட்டியது. ஷாங்காய் நிர்வாகம் அப்படிப் பாதிக்கப்பட்டவர்களுக்கு இடைக்கால உதவித்தொகை கொடுத்துச் சமாளித்தது. எல்லாத் துறைகளுக்கும் வரி விரிந்து முடிந்தது 2016 மே 1 அன்று. நான்கு ஆண்டுக்கும் மேல். அவசரப்பட்டிருந்தால் அந்தச் சிக்கல் நாடு முழுக்க ஒரே நாளில் வெடித்திருக்கும்.

கோட்காசிமில் மிச்சமானது என்ன?

இனி, தவறாகப் போன ஒன்றை நெருங்கிப் பார்ப்போம். ராஜஸ்தானின் ஆல்வார் மாவட்டத்தில் அப்போது இருந்த கோட்காசிம் வட்டாரத்தில் 2011 இறுதியில் மண்ணெண்ணெய் மானியத்துக்கு ஒரு முன்னோட்டம் தொடங்கியது. அதுவரை ரேஷன் கடையில் லிட்டர் சுமார் 15 ரூபாய். புதிய முறையில் முழு விலையையும் கடையில் கொடுத்து வாங்க வேண்டும், ஏறக்குறைய மூன்று மடங்கு. வித்தியாசத் தொகையை அரசு வங்கிக் கணக்கில் போடும். கடைக்காரர் மலிவு எண்ணெயைக் கள்ளச் சந்தைக்குத் திருப்புவதில் இனி லாபம் இருக்காது என்பது கணக்கு. கணக்கு சரிதான்.

சில மாதங்களில் மண்ணெண்ணெய் விற்பனை சுமார் 80 சதவீதம் விழுந்தது. திருட்டு ஒழிந்தது, மானியம் மிச்சம் என்று இது பாராட்டப்பட்டது. களத்தில் போய் விசாரித்தவர்கள் கண்டது வேறு. பலருக்கு வங்கிக் கணக்கே திறக்கப்படவில்லை. கணக்கு இருந்தவர்களிலும் பலருக்கு மானியம் மாதக்கணக்கில் வரவில்லை. முழு விலை கொடுக்கக் கையில் காசில்லாதவர்கள் வாங்குவதையே விட்டுவிட்டார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது அளவுகோல். விற்பனை குறைந்ததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். கள்ளச் சந்தைக்குப் போனது நின்றிருக்கலாம், உரியவர்களும் வாங்க முடியாமல் போயிருக்கலாம். கடையின் விற்பனைப் பதிவேட்டில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் விழும். பிரித்துப் பார்க்க வேண்டுமானால் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும்: போன மாதம் எத்தனை லிட்டர் எரித்தீர்கள், மானியம் எந்தத் தேதியில் வந்தது, எத்தனை முறை வங்கிக்கு நடந்தீர்கள்? இந்தக் கேள்விகளைத் திட்டத்தின் முதல் நாளே எழுதி வைத்திருந்தால் 80 சதவீதம் என்ற எண்ணை யாரும் வெற்றி என்று கொண்டாடியிருக்க மாட்டார்கள். ‘செலவு மிச்சமானது’ என்று மட்டும் சொல்லும் எந்த முன்னோட்ட அறிக்கையையும் நம்ப வேண்டாம். மக்களை வரவிடாமல் செய்தாலும் செலவு மிச்சமாகும்.

அதே தவறு ஜார்கண்டில் ராஞ்சி மாவட்டத்தின் நக்ரி வட்டாரத்தில் 2017 அக்டோபரில் திரும்ப நடந்தது, இந்த முறை அரிசியில். கிலோ 1 ரூபாய்க்கு வாங்கிய ரேஷன் அரிசியை 32 ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும், மானியம் வங்கிக்கு வரும் என்றார்கள். ஐந்து பேர் குடும்பத்துக்கு ஆளுக்கு 5 கிலோ வீதம் 25 கிலோ. முன்பு 25 ரூபாய் இருந்தால் அரிசி வீட்டுக்கு வந்துவிடும். இப்போது 800 ரூபாய் கையில் வேண்டும். பணம் வந்ததா என்று பார்க்க வங்கிக்கு ஒரு நடை, எடுப்பதற்கு சேவை மையத்துக்கு ஒரு நடை, பிறகு ரேஷன் கடை. கடையில் கைரேகை விழவில்லை என்றால் மறுபடியும் அலைச்சல். அன்றாடக் கூலி வாங்குபவருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் வருமான இழப்பு. மக்கள் திரண்டு எதிர்த்தார்கள், திட்டம் எப்படி நடக்கிறது என்று மக்களிடமே கேட்டறியும் சமூகத் தணிக்கையிலும் மிகப் பெரும்பாலானோர் பழைய முறையே வேண்டும் என்றார்கள். 2018 ஆகஸ்டில் திட்டம் கைவிடப்பட்டது.

நக்ரியில் அரசு பின்வாங்கியதைத் தோல்வி என்று எழுதுவது நியாயமில்லை. ஒரு வட்டாரத்தோடு நின்றதால் மாநிலம் தப்பியது. ஆனால் பத்து மாதம் ஒரு வட்டாரத்து மக்கள் அலைந்த பிறகுதான் அது நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ‘இத்தனை சதவீதம் குடும்பங்களுக்கு இத்தனை நாளுக்குள் பணம் போகாவிட்டால் பழைய முறைக்குத் திரும்பிவிடுவோம்’ என்ற நிறுத்த விதி ஆணையிலேயே இருந்திருந்தால், இரண்டாம் மாதமே முடிந்திருக்கும்.

நிறுத்தித் திருத்திய நல்ல உதாரணமும் இந்தியாவில் உண்டு. சமையல் எரிவாயு மானியத்தை வங்கிக்கு அனுப்பும் திட்டம் 2013 ஜூனில் தொடங்கி 291 மாவட்டங்கள்வரை பரவியது. ஆதார் இணைப்பால் வந்த புகார்கள் குவிந்ததால் 2014 தொடக்கத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. ஐஐடி கான்பூரின் முன்னாள் இயக்குநர் சஞ்சய் தாண்டே தலைமையிலான குழு குறைகளை ஆராய்ந்தது. திருத்திய வடிவத்தில், ஆதார் இல்லாதவர் வங்கிக் கணக்கை மட்டும் கொடுத்தும் மானியம் பெறலாம் என்ற வழி வந்தது. 2014 நவம்பர் 15 அன்று 54 மாவட்டங்களிலும், 2015 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் அது நடைமுறைக்கு வந்தது.

நல்ல முன்னோட்டத்தின் உள் வேலைகள்

முதல் வேலை, கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுவது. ‘மக்களுக்கு நன்மை உண்டா’ என்பது கேள்வியே அல்ல. ‘ஓய்வூதியத்தை அஞ்சலகம் வழியாகக் கொடுத்தால், மாதம் 5-ஆம் தேதிக்குள் பணம் பெறும் முதியோர் எண்ணிக்கை கூடுமா?’ என்று கேட்டால் விடை கிடைக்கும். யாருக்கு, எது, எவ்வளவு, எப்போதைக்குள் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும்.

அடுத்து, தொடங்கும் முன் இருந்த நிலையை அளந்து வைப்பது. பெரும்பாலும் தவறவிடப்படுவது இதுதான். தொடக்க விழாத் தேதி முதலில் குறிக்கப்பட்டுவிடும், கணக்கெடுப்புக்கு நேரம் இருக்காது. பிறகு எவ்வளவு முயன்றாலும் பழைய நிலையைத் திரும்ப அளக்க முடியாது. ஆட்களிடம் ‘ஓராண்டுக்கு முன் எப்படி இருந்தது’ என்று கேட்டுப் பெறும் விடை நம்பத்தக்கதல்ல.

மூன்றாவது, ஒப்பிட்டுப் பார்க்கத் திட்டம் நடக்காத ஊர்கள் வேண்டும். கற்பனைக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். திட்டம் நடந்த ஒன்றியங்களில் சரியான நாளில் ஓய்வூதியம் பெற்றவர்கள் 60 சதவீதத்திலிருந்து 75 ஆகிறார்கள். 15 புள்ளி உயர்வு என்று அறிக்கை எழுதத் தோன்றும். ஆனால் திட்டமே நடக்காத பக்கத்து ஒன்றியங்களிலும் அதே ஓராண்டில் 62 என்பது 70 ஆகியிருக்கிறது, வேறு ஏதோ காரணத்தால். அந்த 8 புள்ளியைக் கழித்தால் திட்டத்தால் வந்தது 7 மட்டுமே. அந்த 7 புள்ளிக்கு ஆன செலவு தகுமா என்பதுதான் அடுத்து எழும் கேள்வி.

ஒப்பீட்டுக்கு ஒரு ஊருக்கு ஒரு ஊர் என்று எடுத்தால் போதாது. ஒரு நல்ல வட்டாட்சியர் அங்கே இருந்தாலே முடிவு மாறிவிடும். ஆந்திரப் பிரதேசத்தில் ஊரக வேலை உறுதித் திட்டக் கூலியையும் ஓய்வூதியத்தையும் கைரேகை அட்டை மூலம் கொடுத்துப் பார்த்தபோது, 8 மாவட்டங்களில் 157 மண்டலங்களை (நம் ஒன்றியம் போன்ற பிரிவுகளை) குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 112 மண்டலங்களுக்கு அட்டை முதலில், 45 மண்டலங்களுக்குப் பிறகு. எல்லோருக்கும் எப்படியும் படிப்படியாகத்தான் போகப் போகிறது. வரிசையைக் குலுக்கலில் விட்டதால் கூடுதல் செலவில்லாமல் நம்பகமான ஒப்பீடு கிடைத்தது. கூலி வேகமாகக் கிடைத்தது, வேலைத் திட்டத்தில் கசிவு குறைந்தது, பயனாளிகளில் 90 சதவீதத்துக்கும் மேலானோர் புதிய முறையையே விரும்பினார்கள். மானியத்தை வங்கிக்கு மாற்றிய கோட்காசிமில் மக்கள் திணற, பணம் தரும் முறையை மாற்றிய இங்கே வரவேற்றார்கள். பணம் ஊருக்குள்ளேயே கைக்கு வந்தது இங்கே முக்கியமான வேறுபாடு.

ஒரே திட்டத்தின் பல வடிவங்களையும் சேர்த்தே சோதிக்கலாம். இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 15 கிலோ அரிசி, கிலோ 1,600 ரூபியாவுக்குத் தரும் திட்டம் இருந்தது. ஊர்த் தலைவர்கள் விலையைக் கூட்டி, அளவைக் குறைத்து, உரிமையில்லாதவர்களுக்கும் பங்கிட்டார்கள். ‘உங்களுக்கு உரிமை உண்டு’ என்று சொல்லும் அட்டையைக் குடும்பங்களுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று 2012-இல் 572 கிராமங்களில் பார்த்தார்கள். சில இடங்களில் அட்டையில் விலையும் அச்சிடப்பட்டது, சில இடங்களில் இல்லை. சில ஊர்களில் பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். அட்டை போன கிராமங்களில் உரியவர்களுக்குக் கிடைத்த மானியம் 26 சதவீதம் கூடியது. விலை அச்சிட்ட அட்டைக்குப் பலன் அதிகம். ஒரு வரி அச்சு, பேரம் பேசும் வலிமையை ஏழைக் குடும்பத்தின் கையில் கொடுத்தது. 2013-இல் 1.55 கோடி குடும்பங்களுக்கு அட்டை அனுப்பப்பட்டது.

காலம் குறைந்தது ஓராண்டு வேண்டும். விதைப்பு, அறுவடை, வேலையில்லாத மாதங்கள், மழை, பள்ளி விடுமுறை எல்லாம் ஒரு சுற்று வந்துபோக வேண்டும். மூன்று மாதச் சோதனையில் தை மாதத்து நிலைதான் தெரியும், ஐப்பசியில் என்ன ஆகும் என்று தெரியாது.

எங்கே சறுக்குகிறது

சோதனைக்கு வசதியான ஊரையே தேர்ந்தெடுப்பதுதான் பெரிய வியாதி. 1980-இலிருந்து சீனாவில் நடந்த 600-க்கும் மேற்பட்ட முன்னோட்டங்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள் ஷாவோடா வாங், டேவிட் யாங் இருவரும், அவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் சராசரியைவிட வளமான இடங்களில் நடந்ததைக் கண்டறிந்தார்கள். பதவி உயர்வை எதிர்பார்க்கும் உள்ளூர் அதிகாரிகள் அந்தக் காலத்தில் கூடுதல் பணமும் உழைப்பும் போடுகிறார்கள். மேலிடம் இதைக் கழித்துப் பார்க்காமலே வெற்றி என்று முடிவுகட்டுகிறது. பிறகு ஏழை மாவட்டத்துக்குப் போகும்போது அதே திட்டம் படுத்துவிடுகிறது. இந்தியாவிலும் ஆட்சியர் வாராவாரம் வந்து பார்க்கும் முன்னோட்ட ஊரையும், யாரும் வராத சாதாரண ஊரையும் ஒன்றாகக் கணக்கிட முடியாது. இதற்கு மாற்று, வழக்கமான ஊழியர்கள், வழக்கமான நிதி, வழக்கமான மேற்பார்வை ஆகியவற்றோடு மட்டுமே சோதிப்பது. திட்டம் விரிந்த பிறகு எந்த ஊருக்கும் கிடைக்காத உதவியை முன்னோட்ட ஊருக்கும் கொடுக்கக் கூடாது.

சில விஷயங்களைச் சிறிய அளவில் சோதிப்பது கடினம். ஒரு நகரத்தில் மட்டும் புதிய வரி என்றால் கம்பெனிகள் பதிவு முகவரியை மாற்றிக்கொள்ளும். ஒரு மாவட்டத்தில் மட்டும் நெல்லுக்குக் கூடுதல் விலை என்றால் பக்கத்து மாவட்ட மூட்டைகள் எல்லாம் அங்கே வந்து நிற்கும்.

முடிவெடுக்காமல் தொங்கவிடுவதும் உண்டு. ஷாங்காயிலும் சோங்சிங்கிலும் வீட்டுச் சொத்து வரிக்கு முன்னோட்டம் தொடங்கியது 2011 ஜனவரி 28. மேலும் பல நகரங்களில் சோதிக்க 2021 அக்டோபரில் சட்ட அனுமதி கொடுத்தார்கள். வீட்டுச் சந்தை சரிந்ததால், அடுத்த ஆண்டே இப்போதைக்கு விரிவாக்கம் இல்லை என்று அறிவித்தார்கள். வசதியுள்ளவர்களின் சொத்தைத் தொடும் முன்னோட்டம் இப்படிக் காலவரையின்றித் தள்ளிப்போவதையும், ஏழையின் ரேஷனைத் தொட்ட நக்ரி முன்னோட்டம் எதிர்ப்பை மீறிப் பத்து மாதம் நீடித்ததையும் சேர்த்துப் பார்த்தால், யாருக்கு எதிர்க்கும் வலு இருக்கிறது என்பது விளங்கும்.

உங்கள் ஊரில் முன்னோட்டம் வந்தால்

இந்தியாவில் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் பிரிவு 4(1)(இ), மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது தொடர்புடைய எல்லா விவரங்களையும் அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. வெளியிடாவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். ‘திட்டம் எப்படி நடக்கிறது’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: முன்னோட்டத்துக்கான அரசாணையின் நகல், இந்த ஊரைத் தேர்ந்தெடுத்த காரணம் உள்ள கோப்புக் குறிப்பு, தொடங்கும் முன் எடுத்த கணக்கெடுப்பு, மாதவாரியாகப் பயன்பெற்றவர்களின் எண்ணிக்கை, மனு செய்தும் கிடைக்காதவர்களின் எண்ணிக்கை, மதிப்பீடு செய்யும் அமைப்பின் பெயரும் அறிக்கைக்கான கெடு நாளும், முன்னோட்டம் முடியும் தேதி. தொடங்கும் முன் எடுத்த கணக்கெடுப்பைக் கேட்டதற்கு ‘அப்படி ஆவணம் இல்லை’ என்று பதில் வந்தால், அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். ஓராண்டு கழித்து ‘மாபெரும் வெற்றி’ என்று அறிக்கை வரும்போது, எதோடு ஒப்பிட்டு வெற்றி என்று கேட்பதற்கு அது ஆதாரமாக இருக்கும்.